எண்ணெயும் திராட்சை இரசமும்

எங்கள் இல்லத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே ஒரு மர அலமாரி உண்டு. அதன் மேல்தட்டில் செபப் புத்தகங்களும் செபமாலைகளும் இருக்கும். கீழ்த்தட்டில் பல ஆண்டுகளாக ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்து வந்தது. அதில் இருந்தவை பிஸ்கட்டுகள் அல்ல, மாத்திரைகள். காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சியவை, பல்வலிக்கு வாங்கி மிஞ்சியவை, பேரப்பிள்ளைகளின் இருமலுக்கு வாங்கி மிஞ்சியவை என எல்லாவற்றையும் எங்கள் அம்மா அதில் சேர்த்து வைத்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய மருந்தை வீசி எறிவது பாவம் என்பது அவர்களின் எண்ணம்.

அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. மரியாயின் சேனையில் நெடுநாள் உறுப்பினர். நோயாளிகளைச் சந்திப்பது அவர்களுடைய வாராந்திரக் கடமை. போகும்போது கையில் செபமாலை இருக்கும்; முந்தானை முடிச்சில் இரண்டொரு மாத்திரைகளும் இருக்கும். "எனக்கு இது நன்றாகக் கேட்டது; உனக்கும் கேட்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதை நாங்களும் பிறரன்புச் செயல் என்றே எண்ணியிருந்தோம். தடுத்ததில்லை. சில சமயங்களில் பெருமையும் பட்டதுண்டு.

அந்த டப்பா எங்களுக்குக் கற்பித்த பாடத்தையே இங்கு எழுத முனைகிறோம். வாசகக் குடும்பங்கள் பலவற்றின் அலமாரியிலும் இத்தகைய டப்பா ஒன்று இருக்கக்கூடும் என்பதே இதை எழுதத் தூண்டிய காரணம்.

அம்மாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2022-ஆம் ஆண்டில் மட்டும் மூன்று முறை அவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதல் முறை பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுத்தோம். எரிச்சல் தணியாதபோது மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் மருந்துக் கடைக்குச் சென்று, நோயைச் சொல்லி, ஒரு அட்டை ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வந்தோம். இரண்டே நாளில் எரிச்சல் நின்றது. மூன்றாம் நாள் மாத்திரையையும் நிறுத்தினோம். மிச்சம் டப்பாவுக்குள் போயிற்று. இரண்டாம் முறை அந்த மிச்சமே மருந்தாயிற்று. மூன்றாம் முறை அது கேட்கவில்லை. எனவே கடையில் அதைவிட வீரியமான ஒன்றைக் கேட்டு வாங்கினோம். இம்மூன்று முறையும் சிறுநீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற நினைவே எங்களுக்கு எழவில்லை. வேலைக்குப் போகிற அவசரம், மருத்துவமனையில் காத்திருக்க மனமின்மை, இவையே காரணம். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

2023-ஆம் ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு நள்ளிரவு, அம்மாவின் கட்டில் ஆடும் ஓசை கேட்டு எழுந்தோம். உடல் முழுவதும் தூக்கித் தூக்கிப் போட்டது. தொட்டால் கை சுட்டது. இடுப்பின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எங்களை யாரென்று அறியாமல், இறந்துபோன தம் தங்கையின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். விடிவதற்குள் நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். நீர்ப்பையில் இருந்த தொற்று சிறுநீரகத்திற்கு ஏறி, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். முதல் ஊசி போடுவதற்கு முன்பாகவே இரத்தமும் சிறுநீரும் கல்ச்சர் சோதனைக்கு எடுத்தார்கள். அந்த ஒரு செயலே பின்னர் அம்மாவின் உயிரைக் காத்தது.

இரண்டு நாள்கள் ஊசி ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. இரத்த அழுத்தம் குறையவே அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் பங்குக் குருவானவர் வந்து நோயில் பூசுதல் அளித்தார். அம்மாவின் தலைமுறையினர் அதனை 'அவஸ்தைப் பூசுதல்' என்பார்கள். நெற்றியில் எண்ணெய் பட்டதும் அம்மா கண்களைத் திறந்து, "எனக்கு நேரம் வந்துவிட்டதா, சாமி?" என்று கேட்டார்கள். "இது விடைபெறுவதற்கான எண்ணெய் அல்ல, அம்மா. வலிமை பெறுவதற்கான எண்ணெய்" என்றார் குருவானவர்.

நான்காம் நாள் சோதனை முடிவு வந்தது. தொற்று நோய்களைக் கவனிக்கும் பெண் மருத்துவர் எங்களை அழைத்து அந்தத் தாளைக் காட்டினார். கிருமியின் பெயர் ஈ.கோலை. ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு எதிரே, அந்த மருந்து இக்கிருமியிடம் செல்லாது என்னும் குறி இடப்பட்டிருந்தது. கடைசி ஆயுதம் என மருத்துவர்கள் கருதும் கார்பபெனெம் வகை மருந்துகளும் அவற்றுள் அடக்கம்.

"இதற்கு முன் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டவர்களைப் போல அனைத்தையும் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நோயின் இயல்பை எங்களுக்குப் புரியும்படி வரைந்து காட்டினார்.

அவர் சொன்னதின் சாரம் இது. ஈ.கோலை நம் எல்லோருடைய குடலிலும் வாழும் உயிர். அங்கே அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. வழி தவறிச் சிறுநீர்ப் பாதைக்குள் நுழையும்போதே நோய் உண்டாகிறது. பென்சிலின் இனத்து மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதனைக் கொல்கின்றன. கிருமியோ அம்மருந்தை வெட்டிப் போடும் நொதி ஒன்றைச் செய்துகொள்கிறது. அந்த நொதி ஒரு கத்தரிக்கோல் போன்றது. இது புதிய செய்தியும் அன்று. 1940-ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், செயின் என்னும் இரு அறிஞர்கள் பென்சிலினை அழிக்கும் நொதியை இதே ஈ.கோலையில் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். அவர்கள் பென்சிலினைக் கொண்டு முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தது 1941-இல்தான்! மருந்து மனிதனின் கைக்கு முழுமையாக வருமுன்பே கத்தரிக்கோல் கிருமியின் கையில் இருந்தது.

"அப்படியானால் வழி என்ன, டாக்டர்?" என்று கேட்டோம்.

"ஒரு மருந்தால் ஆகாததை மருந்துகளைச் சேர்த்துச் செய்யலாம்" என்றார் அவர். அச்சேர்க்கை இரு வகைப்படும் என்று விளக்கினார். இரண்டு மருந்துகள் கிருமியை இரண்டு இடங்களில் அடிப்பது முதல் வகை. 1968-ஆம் ஆண்டு வழக்கத்திற்கு வந்து, செப்ட்ரான் என்னும் பெயரால் நம் வீடுகளில் நன்கு அறியப்பட்ட கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை அத்தகையது. கிருமிக்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் பயன்படும் வழியில் ஒரு படியை ஒரு மருந்து அடைக்கிறது; அடுத்த படியை மற்றொன்று அடைக்கிறது. இரண்டாம் வகையில் ஒரு மருந்து போரிடுகிறது. மற்றொன்று மெய்க்காவலராய் உடன் சென்று கிருமியின் கத்தரிக்கோலைப் பூட்டிவிடுகிறது. 1981-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த அமாக்சிசிலின், கிளாவுலானிக் அமிலம் ஆகியவற்றின் சேர்க்கை இவ்வகையைச் சேர்ந்தது.

அம்மாவின் கிருமியிடம் ஒன்றல்ல, இரண்டு வகைக் கத்தரிக்கோல்கள் இருந்தன. ஒன்று என்.டி.எம். எனப்படும் நொதி. அது கார்பபெனெம் மருந்துகளையும் வெட்டிவிடும். 2008-ஆம் ஆண்டு, இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்தே அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2010-இல் வெளியான ஆய்வொன்று, சென்னையில் சேகரித்த கிருமிகளிலும் அது இருப்பதைக் காட்டியது. இந்த நொதி வெட்ட முடியாத மருந்து அஸ்ட்ரியோனாம். ஆனால் அதனை மற்றொரு கத்தரிக்கோல் வெட்டிவிடும். அவிபாக்டம் என்னும் மெய்க்காவலர் அந்த மற்றொரு கத்தரிக்கோலைப் பூட்ட வல்லது. அந்நாளில் அவிபாக்டம் தனியே கிடைக்கவில்லை. செஃப்டாசிடிம் என்னும் மருந்துடன் இணைத்தே விற்கப்பட்டது. ஆகவே மூன்றையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்றார். செஃப்டாசிடிம் போர்க்களத்தில் வெட்டுண்டு போகும். அவிபாக்டம் காவல் நிற்கும். அஸ்ட்ரியோனாம் உள்ளே புகுந்து வெல்லும்.

இதனைக் கேட்டுக்கொண்டிருக்கையில் எங்கள் இருவர் உள்ளத்திலும் ஒரே காட்சி எழுந்தது என்பதைப் பின்னர் பேசும்போது அறிந்தோம். எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயங்களில் நல்ல சமாரியர் எண்ணெய் மட்டும் வார்க்கவில்லை. திராட்சை இரசமும் வார்த்தார். ஒன்று காயத்தைத் தணிக்கும். மற்றொன்று அதனைக் கழுவும். தனித்து நின்று செய்ய இயலாததை இரண்டும் கூடிச் செய்தன.

மூன்று மருந்துகளும் பத்து நாள்கள் ஏறின. ஒரு நாள் மருந்துச் செலவு எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவை மிஞ்சியது. தங்கச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. ஐந்தாம் நாள் அம்மா எங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். குருத்து ஞாயிறுக்கு முன்பாக வீடு திரும்பினோம்.

திரும்புமுன் மருத்துவரிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். "இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்தால் இத்தனை நன்மை உண்டென்றால், முதலிலேயே எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே?" வாசகருக்கும் இந்த ஐயம் எழக்கூடும். அவர் சொன்ன விடையை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது உண்மையே. தனி மருந்து கொடுத்தால் அந்நோய்க் கிருமி விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்று ஆராய்ந்து அறிந்தபின் ஏற்பட்ட முறை அது. ஆனால் எல்லாத் தொற்றுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. இஸ்ரயேல், கிரேக்கம், இத்தாலி ஆகிய நாடுகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் கடும் நோயுற்ற 406 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. கொலிஸ்டின் என்னும் மருந்தைத் தனியே கொடுத்ததற்கும், மெரோபெனெமைச் சேர்த்துக் கொடுத்ததற்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பொருந்தாத சேர்க்கையால் பக்கவிளைவுகள் பெருகுவதும் உண்டு. அதே 2018-ஆம் ஆண்டில் நம் நடுவண் அரசு, மருத்துவ நியாயம் இல்லாதவை எனக் கண்டு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. எந்தக் கிருமியிடம் எந்தக் கத்தரிக்கோல் உள்ளது என்று சோதனையால் அறிந்து, அதற்கேற்ற துணையைத் தேர்ந்து சேர்ப்பதே சிகிச்சை. கையில் கிடைத்ததையெல்லாம் கலப்பது சூதாட்டம். சாதாரண நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற பழைய மருந்துகளில் ஒன்றே இன்றும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. அதனைத் தேர்வதும் மருத்துவரின் பொறுப்பே.

அம்மாவின் உடலில் இருந்த கிருமிக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த மாத்திரைகளே காரணமா? இக்கேள்வி எங்களை நெடுநாள் உறங்கவிடவில்லை. இந்த ஒரு கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எதிர்ப்பாற்றலின் விதை ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும். நீர் வழியாகவும் கை வழியாகவும் ஊர் விட்டு ஊர் செல்லும். ஆயினும் தேவையற்ற ஒவ்வொரு மாத்திரையும் குடலில் உள்ள எளிய கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கிறது என்பதில் ஐயமில்லை என்றார். அவர் எங்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்கவில்லை. குற்றமற்றவர்கள் என்றும் விடுவிக்கவில்லை. அந்த நடுநிலையே எங்கள் மனச்சான்றை அதிகம் தைத்தது.

இத்துறையில் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் மருந்து நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்னும் மெய்க்காவலரை, செஃபெபிம் என்னும் பழைய மருந்துடன் இணைத்த கூட்டு மருந்துக்கு 2024 பெப்ரவரியில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. சிக்கலான சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளுக்கு உரிய மருந்து அது. 2022-இல் வெளியான ஆய்வில், அதனைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 79 பேரிடம் சிகிச்சை முழு வெற்றி கண்டது; ஒப்பிட்டுப் பார்த்த மற்றொரு கூட்டு மருந்தில் அவ்வெற்றி நூற்றுக்கு 59 பேரிடமே காணப்பட்டது. அம்மாவிடம் இருந்த என்.டி.எம். நொதியை அது பூட்டாது. எனினும் அஸ்ட்ரியோனாமும் அவிபாக்டமும் நேரடியாக இணைந்த மருந்து 2024-இல் ஐரோப்பாவிலும் 2025-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றிருக்கிறது.

ஆனால் புதிய மருந்து வருவதால் மட்டும் நாம் தப்பிவிட முடியாது. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 40 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றின் நேரடி விளைவாக மாண்டனர் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். ஆன்டிபயாடிக் மருந்து ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. ஒரு வீட்டார் அதில் கழிவைக் கொட்டினால் தாகத்தால் தவிப்பது அந்த வீட்டார் மட்டும் அல்லர்.

ஆகவே நம் குடும்பங்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். நீர்க்கடுப்புடன் காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ, இடுப்பு வலியோ, முதியவர்களுக்கு மனக்குழப்பமோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மீண்டும் மீண்டும் தொற்று வருபவர்கள் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். எந்தத் தொல்லையும் இல்லாத முதியவரின் சிறுநீரில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் மாத்திரை கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் கருவுற்ற தாய்மாருக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ள இருப்போருக்கும் இது பொருந்தாது. மருத்துவர் சொன்ன நாள்கள் எத்தனையோ அத்தனை நாள்கள் மருந்தை உண்ண வேண்டும். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முன்பு உண்ட மருந்துகளின் சீட்டுகளைப் பாதுகாத்து மருத்துவரிடம் காட்டுவது பேருதவி. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுப்பது அன்பு ஆகாது.

இந்தக் கடைசிச் சொல்லை அம்மாவிடம் சொல்வதே எங்களுக்குக் கடினமாக இருந்தது. பாஸ்கா திருவிழா முடிந்த வாரத்தில் டப்பாவை எடுத்து அவர்கள் முன் வைத்துச் சொன்னோம். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: "கோடி வீட்டுப் பெண் கட்டட வேலைக்குப் போகிறவள். நாள் முழுவதும் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே இருப்பாள். டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். நான் கொடுத்த மாத்திரையால்தானே மறுநாள் வேலைக்குப் போனாள்? அவளை நான் எப்படிக் கைவிடுவது?"

எங்களிடம் உடனே விடை இல்லை. விடையை அம்மாவே கண்டுகொண்டார்கள். சமாரியர் எண்ணெயும் இரசமும் வார்த்ததோடு நின்றுவிடவில்லையே! அடிபட்டவனைத் தம் விலங்கின் மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டு சென்றார். இரண்டு தெனாரியம் கொடுத்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். வேலையைப் பாதியில் விட்டவர் அல்லர் அவர்.

மாத்திரைகளை மருத்துவமனையின் மருந்தகத்தில் ஒப்படைத்தோம். அம்மா இப்போதும் நோயாளிகளைச் சந்திக்கிறார்கள். முந்தானை முடிச்சில் மாத்திரை இல்லை. பேருந்துக் கட்டணம் இருக்கிறது. கோடி வீட்டுப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, சீட்டு வாங்கி, வரிசையில் அவளுக்காக அமர்ந்திருக்கிறார்கள். இழந்த கூலியில் ஒரு பங்கைச் சேனையின் உறுப்பினர்கள் சேர்ந்து கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்து அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "மாத்திரையை முழுவதும் தின்றாயா?" என்று கேட்கவும் தவறுவதில்லை.

பழைய டப்பாவில் இப்போது பிஸ்கட்டுகளே இருக்கின்றன.